நூற்றுப்பத்தில் நின்ற அம்புக்குறி

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. ஆம்பூர், அக்கா வீடு. காலை 4.50க்கு விழித்தேன். கோபேயில் அப்போது 8.20, ஷூ கம்பெனி வாசலில் நான் சைக்கிளை நிறுத்தும் நேரம். ஊருக்கு வந்து ஐந்து நாள் ஆகியும் உடம்புக்கு அது தெரியவில்லை. பல் துலக்கி, தெருமுனையில் பால் வாங்கி வந்து காய்ச்சினேன். காலியான பால் கவரைக் கழுவி, ஓரத்தை வெட்டி விரித்து, துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்தேன். எழுந்து வந்த விஜயா அக்கா அதை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இன்னாடா இது, பால் கவருக்குக் கூட குளிப்பாட்டி தலை துவட்டுவியா?"

பதினேழு வருடப் பழக்கம். கோபேயில் பால் பெட்டியைக் கழுவி, வெட்டி, காய வைத்து, அதற்கென்று உள்ள நாளில்தான் போட வேண்டும். நாள் தப்பிப் போட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டி வாசலிலேயே விட்டுவிடுவார்கள். இங்கே குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டலாம். எனக்கு இரண்டு வழக்கமும் பிடித்திருக்கிறது. ஆனால் கை ஒன்றைத்தான் செய்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

அன்றைக்கு எனக்கு ஒரே வேலைதான். தனபால் மாமாவுக்கு ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வாங்க வேண்டும். மாமா அக்காவின் கணவர். இங்கே ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் தோல் வெட்டி ஓய்வு பெற்றவர். அலமாரியில் பிஸ்கட் டின் நிறையக் கேசட் வைத்திருக்கிறார், போட்டுக் கேட்கத்தான் எதுவும் இல்லை. போன வருடம் போனில், "நீ இருக்கறதே ஜப்பான். அங்க கெடைக்காததா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது.

கோபேயில் பழைய சாமான் கடைகளை 'ரீசைக்கிள் ஷாப்' என்பார்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு கடைகள் ஏறி இறங்கினேன். டூ-இன்-ஒன்னுக்கு அங்கே பெயர் 'ராஜிகாசே'. இருந்தவை எல்லாம் நூறு வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தவை. இங்கே இருநூற்று இருபதில் செருகினால் அன்றோடு முடிந்தது. ஏழாவது கடையின் முதியவரிடம் அக்கா கல்யாணப் போட்டோவை நீட்டினேன். அதில் மணமக்களுக்குப் பின்னால் மேஜைமேல் மாமாவின் டூ-இன்-ஒன் மாலை போடாத குறையாக உட்கார்ந்திருக்கும். அவர் மணமக்களைப் பார்த்து, "வாழ்த்துகள்" என்று குனிந்து வணங்கினார். நான் பதறி, ஆட்கள் இல்லை, பின்னால், பின்னால் என்றேன். அவரும் பதறி, நான் ஏதோ குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, மறுபடி குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஒருவழியாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஜப்பானில் இல்லாத பொருள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தெருவுக்கே ஜப்பான் என்றால் அந்தப் பெட்டிதான். அவர் பொறுமையாக விளக்கினார். ஜப்பானில் செய்ததுதான், ஆனால் ஜப்பானில் விற்றதில்லை. வெளிநாட்டுக்காக மட்டும் செய்தது.

ரயிலில் திரும்பும்போது கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் எனக்கு என்ன ஆச்சரியம்? மாமா இருபத்தெட்டு வருடம் வெட்டிய ஷூக்களில் ஒன்றையாவது ஆம்பூரில் யார் காலிலாவது நான் பார்த்திருக்கிறேனா? காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் ரப்பர் செருப்பில்தான் ஓடினார்கள்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை ஜப்பான் பொருளை ஆம்பூரில் தேடினேன். பஜாரில் இரண்டு கடைகளில் கை விரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர், "பழைய ஜப்பான் மாலா? ரஃபீக் பாய் கிட்டதான் இருக்கும்" என்றார். நான் கேட்கக்கூடாது என்று நினைத்திருந்த பெயர் அது.

அதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பதினான்கு வயது. அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய பேரணாம்பட்டுக்காரர் ஒருவரிடம் மாமா கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது அந்த டூ-இன்-ஒன். அது மக்கர் செய்தால் பார்ப்பவர் ரஃபீக் பாய், மாமாவின் உயிர்த் தோழர். ஞாயிறு மாலை இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை பாய் அதற்கு ரப்பர் பெல்ட் மாற்றிக் கொடுத்த மறுநாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, பெட்டியின் முதுகில் ஒரு சிறு வட்டத்தைப் பார்த்தேன். அதில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 110, 220 என்று இரண்டு எண்கள். அம்பு 220இல் இருந்தது. கரண்ட் பில்லுக்காக அக்கா புலம்பிக்கொண்டிருந்த மாதம் அது. 110இல் வைத்தால் பாதி கரண்ட்தானே இழுக்கும் என்று கணக்குப் போட்டு, நாலணாக் காசால் திருகி வைத்தேன். மாலையில் மாமா ஸ்விட்சைப் போட்டார். புகை வந்தது. அவர் வயரைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், நான் அம்பைப் பழையபடி 220க்குத் திருப்பிவிட்டேன்.

எரித்தது அறியாமல் செய்தது. திருப்பி வைத்தது அறிந்து செய்தது. பெட்டியைத் திறந்து பார்த்த பாய், யாரோ 110இல் போட்டிருக்கிறார்கள் என்றார். மாமா பெட்டியைத் திருப்பி அம்பைக் காட்டினார். "உன் வேலைல தப்ப வச்சிக்கினு எங்க மேல சொல்றியா?" என்று கேட்டார். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. முப்பத்துமூன்று வருடம்.

பகல் 11.40க்குப் பாய் கடைக்குள் நுழைந்தேன். கேசட், வீடியோ டெக், ஹெட்போன், ரிமோட் என்று எல்லாம் பழையவை. மேல் தட்டில் அதே டூ-இன்-ஒன் இருந்தது. இதுவும் பேரணாம்பட்டில் வளைகுடா சம்பாத்தியத்தில் வந்த வீட்டுச் சாமான்தான், பிள்ளைகள் ஒழித்துப் போட்டதாம். பாய் தாடி முழுக்க வெளுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரியவில்லை. பெட்டியை இறக்கிக் கொடுத்தார். நான் வாங்கியதும் திருப்பி முதுகைப் பார்த்தேன்.

"எல்லாரும் மூஞ்சியப் பாப்பாங்க. நீ இன்னா, முதுகப் பாக்குற?" என்றவர், கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "நீ தனபாலு மச்சான் குமார்தானே?"

"ஆமா பாய்."

"ஜப்பான்ல கீறவன், ஜப்பான் மாலுக்கு என் கடைக்கு வந்தியா?" என்று சிரித்தார். சிரிப்பு நின்றபோது அவர் கண் என் விரலில் இருந்தது. விரல் அம்புக்குறியின் மேல் இருந்தது.

அங்கேயே சொல்லிவிட்டேன். நாலணாக் காசிலிருந்து திருப்பி வைத்தது வரை, வரிசையாக. பாய் கேட்டு முடித்து இரண்டு டீ சொன்னார். டீயைப் பாதி குடித்துவிட்டுச் சொன்னார்.

"கருகினதப் பாத்தா எனக்குத் தெரியாதா? நூத்திப்பத்துல போட்டதுன்னு கண்ணாலயே தெரிஞ்சிச்சி. ஆனா அம்பு இருநூத்தி இருபதுல நிக்கிது. உங்க மாமா முன்னாடி நான் பொய்க்காரன் ஆயிட்டேன்."

பெட்டியைக் கட்டிக் கொடுங்கள் என்றேன். அவர் அதை எடுத்து மேல் தட்டிலேயே வைத்தார்.

"உனக்கு விக்க மாட்டேன். தனபால வரச் சொல்லு. அவரே வந்து தூக்கினு போவட்டும்."

சாயங்காலம் 5.15க்கு வீடு சேர்ந்தேன். நடுவில் இருந்த நேரம் முழுக்க பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாமா என்னை மகன்போல வளர்த்தவர். இந்த வயதில் அவர் முகம் சுளித்துப் பார்ப்பதை என்னால் தாங்க முடியுமா என்றுதான் யோசனை. அக்கா டீ கொண்டு வந்தபோது இருவர் முன்னாலும் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கரண்டு பில்லு பாதியாவும்னா வச்ச? அடப்பாவி!" மாமா சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து, கேசட்டுகளை ஒவ்வொன்றாக வேட்டி முனையால் துடைத்து அடுக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் பேசினார்.

"அவன் கடையத் தாண்டக் கூடாதுன்னு மார்க்கெட் பக்கமா சுத்திக்கினு போவேன். மழைலயும். அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக வந்திச்சி. பிரிச்சிக்கூடப் பாக்கல."

என்னிடம் சொன்ன பேச்சு அல்ல அது. அதனால்தான் வலித்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இட்லி. டைரியில் அன்றைய பக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

புதன்கிழமை காலை 4.50க்கு விழித்தபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பக்ரீத் பிரியாணி முப்பத்திமூணு போச்சேடா உன்னால" என்றார். "கெளம்பு."

கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றேன். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பாய் கடைக்கு வந்துவிடுவார் என்பது மாமாவுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடம் சுற்றிப் போனவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மார்க்கெட் பக்கம் திரும்பாமல், நேர் வழியாகவே நடந்தோம். ஷட்டர் பாதி ஏறியிருந்தது.

"இன்னா தனபாலு, வழி தெரிஞ்சிச்சா?"

"வழி தெரியும் ரஃபீக்கு. கால்தான் வரல."

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மாமா உட்கார்ந்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். பாய் பெட்டியை இறக்கி, முதுகை என் பக்கம் திருப்பி வைத்தார். "நீ பாத்துச் சொல்லு. அப்புறம் என் மேல தப்பு சொல்லாதீங்க" என்றார். நான் குனிந்து பார்த்தேன். 220. வாய்விட்டுச் சொல்லிவிட்டு, நானே பிளக்கைச் செருகினேன். மாமா கேசட்டைப் போட்டார். முதலில் ஒரு இரைச்சல், பிறகு பாட்டு.

பாதிப் பாட்டில் பாய் என்னிடம் கேட்டார். "அங்க கரண்டு எத்தினி?"

"நூறு பாய்."

"அப்ப இத உங்க ஜப்பானுக்குக் கொண்டு போனா பாடாதா?"

அது பிறந்த ஊர். ஒரு நாளும் அங்கே பாடியதில்லை. அம்பை 110இல் வைத்தால் போதும், பத்து வோல்ட்தான் குறையும்.

"பாடும் பாய்" என்றேன். "கொஞ்சம் கம்மியா பாடும்."