பதினொரு நாள் திறந்திருந்த பட்டியல்

அந்த மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவருக்கு நாற்பத்தாறு வயது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதற்கு ஆள் வேண்டுமென்றால் இவரைக் கூப்பிடலாம். ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறுவார். மறுபடி இறங்கி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "இழுத்து இழுத்தே அது ஒருநாள் கழண்டு கையோட வரப்போகுது" என்பாள் மனைவி.

இப்படிப்பட்ட மனிதர்தான் கூடத்துக் கம்ப்யூட்டரின் கதவையே திறந்து வைத்தார். பயந்தவன் செய்யும் தப்பே தனி ரகம். பயத்தினாலேயே செய்வான்.

கூடத்தின் இணையதளத்தை ஜாவாவில் எழுதியவர் இவரே. சோதனை முடிந்ததும் ரிப்போர்ட் சர்வரில் ஒரு ஃபோல்டரில் போய் விழும். கூடத்தை நடத்தும் டாக்டரம்மா சரி என்றதும், அதன் லிங்க்கைக் கவுன்டர் பெண் நோயாளிக்கு அனுப்புவாள், நேரில் வருபவர்களுக்குக் கவரில் போட்டும் கொடுப்பாள். நடுவில் நாலைந்து ரிப்போர்ட் வந்து சேராமல் காணாமல் போயின. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. சர்வர் அமைப்பில் ஒரு வரி உண்டு. ஃபோல்டரின் முகவரியை யாராவது தட்டினால், உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பட்டியல் போட்டுக் காட்டலாமா கூடாதா என்று சொல்லும் வரி. 'கூடாது' என்று இருந்ததை இவர் 'காட்டலாம்' என்று மாற்றினார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே செல்போனில் பட்டியலைப் பார்த்து, இது வந்தாச்சு, அதுவும் வந்தாச்சு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம் அல்லவா? இரண்டு நாளில் கோளாறு சரியானது. வரியைத் திருப்பி மாற்ற மட்டும் மறந்துபோனார்.

பதினோராம் நாள் காலை வேறு எதற்கோ அந்த அமைப்பைத் திறந்தபோது கண்ணில் பட்டது. ஃபைலின் பெயரிலேயே ஆள் பெயர், வயது, என்ன சோதனை எல்லாம் இருக்கும். தேடச் சுலபம் என்று இவரே செய்த ஏற்பாடு. ஊரில் இருக்கிறவர்களின் வியாதியெல்லாம் பதினொரு நாளாகக் கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கியிருக்கிறது.

அவசரமாக வரியை மாற்றினார். வந்து போனவர்களைப் பற்றி சர்வர் எழுதி வைத்திருந்த பதிவை முதலிலிருந்து படித்தார். பட்டியலைப் பார்த்ததெல்லாம் இவருடைய செல்போன்தான், ஒரே ஒரு தடவையைத் தவிர. ஐந்து நாளுக்கு முன், காலை ஐந்து நாற்பதுக்கு, வெளியிலிருந்து யாரோ பட்டியலைத் திறந்து ஒரு ஃபைலை மட்டும் பார்த்திருந்தார்கள். அதில் இருந்தது கவுன்டர் பெண்ணின் பெயர். வயது இருபத்தாறு. கழுத்துக் கட்டி, பயாப்ஸி.

அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார்தான் துழாவியிருக்கிறார்கள் என்று இவர் முடிவே கட்டிவிட்டார். பதிவை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது, வேலையும் தப்பும். ஆனால் கல்யாணம் நின்று, ஏன் நின்றதென்றே தெரியாமல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தால்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக அரை மணி நேரம் தவித்தார். பிறகு எழுந்து கவுன்டருக்குப் போனார்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் இப்படி வாம்மா."

"என்னண்ணே, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

மாடிப்படி ஓரத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். "மாப்பிள்ளை வீட்டுல பாத்துட்டாங்களோன்னு பயமா இருக்கும்மா. எல்லாம் என் தப்பு."

"அது நான்தாண்ணே."

"நீயா?"

"டாக்டரம்மா அனுப்பாம நிறுத்தி வெச்சிருந்தாங்க. தினம் நூறு லிங்க் அனுப்புறவ நான், எனக்கு முகவரி தெரியாதா? லிங்க்கோட கடைசியில இருக்கிற ஃபைல் பேரை மட்டும் வெட்டிட்டுத் தட்டினேன். மொத்தமும் வந்து நின்னுச்சு. என்னோடதை மட்டும்தான் திறந்தேன், சத்தியமா."

"அதுல... என்னம்மா போட்டிருந்துச்சு?"

"கேன்சர்தாண்ணே."

ஐந்து நாளாக இந்தப் பெண் வந்தவர்களுக்கெல்லாம் கவர் எடுத்துக் கொடுத்து, பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. பக்கத்துல ஆள் இருக்கும்போது சொல்லணும்னு நினைச்சிருப்பாங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். அம்மாகிட்ட சொல்ல வாயே வரலை. நாளைக்குத்தான் முதல்ல கேக்குற மாதிரி இருந்துடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே." சொல்லிவிட்டுக் கவுன்டருக்குத் திரும்பிப் போனாள்.

இவர் நேரே டாக்டரம்மா அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. தான் செய்ததை நின்றபடியே ஒப்பித்தார்.

"வெளியில யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரே ஒருத்தங்க. அவங்களோடதை அவங்களே பாத்துக்கிட்டாங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க டாக்டர். வேலையை விட்டுப் போகச் சொன்னா போயிடறேன்."

டாக்டரம்மா கண்ணாடிக் கதவு வழியாகக் கவுன்டரைப் பார்த்தார். "நான் நிறுத்தி வெச்சிருந்தது ஒரே ஒரு ரிப்போர்ட்தான்" என்றார் மெதுவாக. "எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாள்."

"அஞ்சு நாளா தனியாவா?" டாக்டரம்மா போனை எடுத்தார். "நாளைக்கு வேண்டாம். அவ அம்மாவை இப்பவே வரச் சொல்றேன். உங்க விஷயத்தைப் பிறகு பேசிக்கலாம். நீங்க போய்க் கவுன்டர்ல உக்காருங்க, அவளை உள்ள அனுப்புங்க."

கவுன்டரில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். இவர் குனிந்து, "நீ உள்ள போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லலை. அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க. அம்மா வந்துட்டிருக்காங்க."

அவள் கையிலிருந்த கவர்களை அடுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். நாலடி நடப்பதற்குள், அத்தனை பேர் பார்க்க, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா உள்ளிருந்து ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். இவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.