கை காட்டிய பக்கம்

மனைவியின் காதில் விழக் கூடாத விஷயம் ஒன்று அவரிடம் இருந்தது. அது ரகசியம்கூட இல்லை. ஆற்றில் படகு விடுகிற எல்லோருக்கும் தெரியும். முதல் தடவை வருகிற சுற்றுலாக்காரர்களுக்கே சொல்லித் தருவார்கள். நுரை பொங்கிப் பாயும் தண்ணீரில் கத்தினால் கேட்காது. கை மட்டும்தான் தெரியும். கரையில் நிற்பவர் கையை ஒரு பக்கம் நீட்டினால், அந்தப் பக்கம் போ என்று அர்த்தம். ஆபத்து இருக்கும் பக்கத்தை மறந்தும் கையால் காட்டக் கூடாது.

இவ்வளவுதான். இது அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் கூப்பிடும் பெயர் 'நாளைக்கு'. படகுக் கம்பெனியில் பயணத்தைத் திட்டமிடுவது அவர் வேலை. காலையில் எழுந்ததும் ஆற்றோரம் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் போய்ப் பார்ப்பார். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால், "நாளைக்குப் போலாம்." மேற்கே மலையில் மழை பெய்திருந்தால், "நாளைக்கு." வந்தவர்களில் ஒருவர் ஹெல்மெட் வாரைத் தளர்த்திக் கட்டியிருந்தால்கூட, "நாளைக்கு வாங்க, இன்னைக்கு உங்களுக்கு மனசு இங்க இல்ல."

"அண்ணே, எமனே வந்தாலும் நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பிடுவீங்க போலிருக்கே!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"அனுப்புவேன். அவன் ஹெல்மெட் போடாம வந்தா கண்டிப்பா அனுப்புவேன்" என்பார் இவர்.

மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருந்தாள். கம்பெனியின் கிழிந்த லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு வார் தைத்துக் கொடுப்பவளும் அவள்தான். ஆனால் ஆற்றுப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டாள். தண்ணீர் என்றாலே அவளுக்குப் பயம்.

ஒரே மகள். வீட்டில் வைத்த செல்லப் பெயர் வாலு. அப்படியே பொருந்திப் போன பெயர். நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகியவள். அப்பாவின் கம்பெனியிலேயே கைடாகவும் சேர்ந்துவிட்டாள்.

"இவகிட்ட உட்காருன்னா ஓடுவா, ஓடுன்னா உட்காருவா" என்று அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே புலம்புவாள். "என்னைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொன்னதைக் கேட்டிருக்கியாடி?"

"கேட்டுட்டா உனக்குப் பொழுது போகாதேம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள் மகள்.

ஆற்றின் கீழ்ப் பகுதியில் ஒரு பாறை இடுக்கு உண்டு. கம்பெனி அதுவரை யாரையும் அங்கே அழைத்துப் போனதில்லை. அதில் ஒற்றையாள் படகான கயாக்கை இறக்க வேண்டும் என்பது வாலுவின் ஆசை. அப்பா எத்தனையோ தடவை 'நாளைக்கு' சொன்னார். கடைசியில் கோடை வந்தது. தண்ணீர் இறங்கியது. இனி சொல்ல அவரிடம் நாளை இல்லை.

திட்டம் வீட்டுத் தரையில்தான் போடப்பட்டது. அப்பாவும் மகளும் நீலத் துணித் துண்டு ஒன்றை ஆறாக விரித்தார்கள். அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்த பட்டன்கள் பாறைகள். ஒரு தீக்குச்சிதான் கயாக்.

"நல்ல பட்டனையெல்லாம் ஆத்துல போடாதீங்க, சட்டைக்கு வேணும்!" என்று மிஷினடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும் இவர்கள் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை.

நடுவே ஒரு பெரிய கறுப்புப் பட்டன். ஆற்றை இரண்டாகப் பிளக்கும் பாறை அது.

"எந்தப் பக்கம்?" என்றார் அப்பா.

"வலது."

"கரையிலேர்ந்து யாராவது இடதுன்னு காட்டினா?"

"இடது. கடைசியா வர்ற கைதான் சட்டம். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. துடுப்பைத் தூக்கி சரின்னு சொல்லிட்டுத் திரும்பணும்." மகள் சிரித்தாள். "இந்த வீட்டுல நான் கேக்குற ஒரே பேச்சு ஆத்துப் பேச்சுதாம்பா."

இன்னொரு கைடு முதலில் இறங்கிப் போய்க் கீழே அமைதியான மடுவில் காத்திருப்பான். தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் கயிற்றுப் பையோடு அப்பா பாறைக்குக் கீழே, வலது கரையில் நிற்பார். எங்கே ஏறிக் கரை சேருவது, கவிழ்ந்தால் எந்தப் பக்கம் நீந்துவது, எல்லாமே முடிவாயிற்று. முன்தினமும் அன்று காலையும் கரையோரம் நடந்து பார்த்தார்கள். எங்கும் ஓட்டையில்லாத திட்டம்.

கிளம்பும்போது மகள் மிஷினின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா, இன்னைக்கு மட்டும் வாம்மா. உன் பொண்ணு பறக்குறதை ஒரு தடவை பாரும்மா."

எந்தத் தாய்தான் மறுப்பாள்? வந்தாள். வந்தவளை வளைவில் ஒரு உயரமான பாறைமேல், கால் வழுக்காத இடமாகப் பார்த்து உட்கார வைத்தார் அவர். ஓரத்துக்குப் போகாதே என்றார். செருப்பைக் கழற்றாதே என்றார். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுவிட்டார். ஊருக்கெல்லாம் சைகை சொல்லிக்கொடுத்த மனிதர், கட்டினவளுக்குச் சொல்லவில்லை. விளக்கடியில்தானே இருட்டு!

முதல் கைடு வலது பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அவன் போன பிறகுதான் அந்த மரம் வந்தது. மேலே எங்கோ கரை இடிந்து விழுந்த மரம். கிளைகளோடு மிதந்து வந்து பாறையின் இடது பக்கத்தில் குறுக்கே சிக்கிக்கொண்டது. கீழே நின்ற அவருக்குப் பாறை மறைத்தது. மேலிருந்து வரும் மகளுக்கு வளைவு மறைத்தது. உயரத்தில் உட்கார்ந்திருந்த தாய் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

அவள் துள்ளி எழுந்தாள். "மரம்! மரம்டி! அங்க பாரு!" என்று அலறினாள். இரைச்சலில் அந்தக் குரல் கரைந்து போயிற்று. இடது கையை நீட்டி, மரத்தைக் காட்டினாள்.

வாலு அம்மாவைப் பார்த்தாள். துடுப்பை உயர்த்தினாள். இடது பக்கம் திரும்பினாள்.

நீட்டிய கையைக் கீழேயிருந்து பார்த்த அந்தத் தகப்பனுக்கு மட்டும், நடக்கப் போவது நடப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கயிற்றை வீசிக்கொண்டே ஓடினார். எட்டாத தூரத்துக்கு எவ்வளவு நீளக் கயிறும் எட்டாது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான். அழுது தீர்ந்தபின் தாய்க்கு மிஞ்சியது கோபம்.

"காட்டினேனே! அவளும் பாத்தாளே! துடுப்பைத் தூக்கி சரின்னு வேற சொன்னா. சொல்லிட்டு நேரா அங்கேயே போனாளே, பாவி மக! சாகும்போதுகூட என் பேச்சைக் கேக்கலையே!"

ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். கணவனைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் நாளைக்கு சொன்ன மனுஷன், பெத்த பொண்ணுக்குச் சொல்லலையே" என்பாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார். அந்தக் கோபம்தான் அவளுக்கு ஊன்றுகோல் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பிடுங்கினால் அவள் அப்படியே சரிந்துவிடுவாள்.

முதலாளியின் கையையும் மற்ற கைடுகளின் கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "அவகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்கப்பா." எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அவர் வேலைக்குத் திரும்பினார். வேறென்ன தெரியும் அவருக்கு? சைகைப் பாடத்தை மட்டும் வீட்டிலிருந்து தள்ளி, ஆற்றங்கரையில்தான் நடத்துவார். பல மழைக்காலங்கள் இப்படியே போயின.

இந்த மழையில் கம்பெனிக் கூரை ஒழுகியது. ஒரு அலுவலகத்துக்காரர்கள் அடுத்த வாரப் பயணத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள். வேறு இடமில்லாமல் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் கைடு உடன் வந்திருந்தாள். அவளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. நீலத் துணி விரிந்தது. பட்டன்கள் இறங்கின. உள்ளறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிறவரை பயமில்லை.

"சார், நான் விழுந்தா ஆறு கரை தாண்டிடும், பரவாயில்லையா?" என்றார் பருத்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரே தொடர்ந்து, "சரி, என் வீட்டுக்காரி கரையில நிப்பா. ஏதாவது ஆபத்துன்னா அவ எனக்குக் கை காட்டலாம்ல?" என்று கேட்டார்.

"ஐயையோ, கூடவே கூடாது!" என்றாள் அந்தப் பெண். "ஆபத்து இருக்குற பக்கம் கை காட்டினா..."

உள்ளே நூல் அறுந்தது. மிஷின் நின்றது.

"அது... அதையெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றார் அவர்.

"இல்ல சார், இதுதான் முக்கியம். கை எந்தப் பக்கம் நீளுதோ, அந்தப் பக்கம் போன்னு அர்த்தம். நேரா ஆபத்துக்குள்ள போய் விழுந்துடுவாங்க."

உள்ளறை வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். ஒரு தோளில் பாதி தைத்த ஜாக்கெட். உதட்டில் அறுந்த நூல்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள்.

அந்தப் பெண் வெள்ளை மனதோடு இன்னொரு தடவை சொன்னாள். துடுப்பைத் தூக்கினால் சரி என்று பொருள் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

தாய் தரையில் கிடந்த கறுப்புப் பட்டனைப் பார்த்தாள். ஜாக்கெட் நழுவி விழுந்தது. இடது கை மெதுவாக எழுந்து நீண்டது. அப்படியே கணவனைப் பார்த்தாள்.

"ஏங்க... அப்போ அவ என் பேச்சைக் கேட்டாளா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிடியைத் தளர்த்தியதும் அது மறுபடியும் எழுந்து, அதே பக்கம் நீண்டது.