நான் வாசித்துக் காட்டிய லேபிள்

என் வாயை எனக்குப் பிடிக்காது. எத்தனை முறை கொப்பளித்தாலும் அதில் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருப்பதாகவே தோன்றும். கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில், மசாலாவும் தைலமும் விற்கிற ஒரு கடையில் நான்கு வருடம் இந்த வாயை வைத்துத்தான் பிழைத்தேன்.

அங்கே வேலை கிடைத்ததே தமிழால்தான். அதிலும் ஒரு கூத்து. நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். வீட்டில் பேசுவதும் பாதிக்குப் பாதி மலையாளம் கலந்த தமிழ். ஆனால் குருவாயூர் போய்விட்டு பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற தமிழ்நாட்டுக்காரர்களைப் பேசி மடக்க ஒரு தமிழ்ப் பெண் தேவைப்பட்டாள். கடை முதலாளியை நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுவோம். முதல் நாளே அவர் பாடம் எடுத்துவிட்டார். வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று கேட்க வேண்டும். அவர்கள் எதைச் சொன்னாலும் அதற்குப் பக்கத்து ஊர்தான் என் அம்மா பிறந்த ஊர். அப்படி என் அம்மா தஞ்சாவூரில் பிறந்தாள், தேனியில் பிறந்தாள், சேலத்தில் இரண்டு முறை ஒரே நாளில் பிறந்தாள். உண்மையில் அவள் பிறந்தது இங்கே மட்டாஞ்சேரியில். கார்ப்பரேஷனில் தெருப் பெருக்கினாள். கோயமுத்தூரைக்கூடப் பார்த்ததில்லை.

நான் விற்றது கால் தைலம். நல்லெண்ணெயில் கற்பூரத்தையும் மஞ்சளையும் போட்டுக் காய்ச்சியது, அவ்வளவுதான். கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் ஓலைச்சுவடி, அதன் பக்கத்தில் தாடிவைத்த வைத்தியர் ஒருவரின் படம். அந்தத் தாடிக்காரர் யார் என்று சேட்டனுக்கே தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்ததும் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். கண்றாவி.

பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிள் முழுக்க மலையாளம். வருகிறவர்களுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று நீட்டுவார்கள். நான் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து நகர்த்தி நிதானமாக வாசிப்பேன். "கால் எரிச்சல், மரத்துப்போறது, சர்க்கரைப் புண்ணு, எல்லாத்துக்கும் கைகண்ட மருந்துன்னு போட்டிருக்கும்மா." லேபிளில் இருந்ததோ, இது மருந்தல்ல, புண் உள்ள இடத்தில் தடவக் கூடாது என்பது. அந்த விரல் வித்தையை சேட்டன் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது முழுக்க என் சொந்தச் சரக்கு.

அதற்கும் மசியாதவர்களுக்குக் கடைசியாக அம்மாவை எடுப்பேன். "எங்கம்மாவுக்கும் சுகர்தாம்மா. இதைத் தேய்ச்சுத்தான் இப்போ நடக்கறாங்க." நான் அந்தக் கடையில் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பே அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். பெருக்கும்போது காலில் ஏதோ குத்தி, மரத்துப்போன காலில் அது தெரியாமல், புண் அழுகிப் போனாள். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அதே காலைத்தான் நான் தினமும் விற்றேன்.

இந்த லட்சணத்தில் அடுத்தவர் பேச்சு மட்டும் எனக்கு ஆகாது. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டி, "இப்பத்தான் பிடிச்சது சேச்சி, பச்சை மீன்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட்டு கேட்டு வருகிறவர் என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினால் கதவைச் சாத்திவிடுவேன். அத்தனை பேர் தந்திரமும் எனக்கு அத்துப்படி.

நான் சேர்ந்த முதல் வருடம் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். பாதத்தில் சின்னதாக ஒரு புண். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "டாக்டரு மாத்திரைய மட்டும் உட்றாதீங்கன்னு சொல்லியிருக்காருங்கண்ணு."

"எங்கம்மா மாத்திரையை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சும்மா" என்றேன். ஒருவிதத்தில் அது பொய்கூட இல்லை. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

அடுத்த வருடம் அதே அம்மா வந்தார். வலது காலில் பெரிய கட்டு. தாங்கித் தாங்கி நடந்து நேராக என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்திருந்தால் தேவலை.

"சுண்டுவிரல எடுத்துட்டாங்க சாமி" என்றார். "உங்கம்மாவுக்குக் கேட்டுச்சே, எனக்கு மட்டும் ஏங்கண்ணு கேக்கல? நான் தேய்க்கறதுல ஏதாச்சும் தப்பா?"

பிறகு பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தார். சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற, அடி மெத்தென்ற செருப்பு. "ஆஸ்பத்திரில இதத்தான் போடச் சொன்னாங்க. எனக்கு வாங்கறப்போ உங்கம்மா ஞாபகம் வந்துச்சு. அளவு தெரியல. என் கால் அளவுக்கே எடுத்துட்டேன்."

செருப்பைக் கையில் வாங்கினேன். "அம்மா இல்லம்மா, செத்துப்போச்சு" என்று சொல்லி விக்கி விக்கி அழுதேன். மிச்சத்தையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். கூட வந்த பெண்கள் சுற்றி நின்று தலையைத் தடவினார்கள். பாவம், தாயில்லாப் பிள்ளை என்று ஆளுக்கொரு பாட்டிலை எடுத்தார்கள். அந்த அம்மாவும் ஒன்று எடுத்தார். அவர்கள் போனதும் சேட்டன் என் பக்கத்தில் வந்தார். "கரச்சில் அஸ்ஸலாயி. இனி எல்லா பார்ட்டிக்கும் இது மதி." அழுகை பிரமாதமாம், இனி எல்லோருக்கும் இதையே செய்தால் போதுமாம்.

 செருப்பைக் கையில் பிடித்தபடியே பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் பாட்டில்.

"அந்த எண்ணெயைத் தேய்க்காதீங்கம்மா. அதைக் கொடுங்க, சரியா வாசிச்சுச் சொல்றேன்." ஜன்னல் வழியாக வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். "இது மருந்தில்ல. புண்ணு இருந்தா தடவக் கூடாது. நான் சொன்னதெல்லாம் பொய்ம்மா. எங்கம்மா இந்த எண்ணெயைக் கண்ணாலகூடப் பார்த்ததில்ல. மாத்திரையை விடாதீங்க."

அவர் என் விரலைப் பார்க்கவில்லை. வீங்கியிருந்த என் கண்ணைத்தான் பார்த்தார்.

"பெத்தவ போன துக்கத்துல என்னென்னமோ பேசற. போ, போய் மூஞ்சி கழுவு" என்றார். பாட்டிலை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"நீ எவ்வளவு செஞ்சிருக்க அவங்களுக்கு. எனக்கும் இப்படி ஒரு புள்ள இருந்திருந்தா, இந்த விரல் போயிருக்காது கண்ணு."