கூப்பிட்டால்தானே போக முடியும்

எனக்கு ஐம்பது வயது முடிந்ததைக் கணவரும் மறந்துவிட்டார், பிள்ளைகளும் மறந்துவிட்டார்கள். மறக்காமல் கடிதம் போட்டது இங்கிலாந்து அரசாங்கம்தான். மார்பகப் பரிசோதனைக்குத் தங்களை அழைக்கிறோம், சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் எக்ஸ்ரே வண்டி நிற்கும், வியாழக்கிழமை பத்து இருபதுக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தது. பத்தும் இல்லை, பத்தரையும் இல்லை, பத்து இருபது. லீட்ஸுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் அந்த இருபது எனக்குப் பழகவில்லை.

வண்டியில் இருந்த பெண், இயந்திரம் கொஞ்சம் 'பிரஸ்' பண்ணும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். தெருவுக்குத் தெரு அச்சகம் இருக்கிற ஊரில் பிறந்தவள் நான்; பயத்தை மறைக்க, நானே பிரஸ் ஊர்க்காரிதான் என்றேன். எந்தப் பத்திரிகை என்று மரியாதையாகக் கேட்டாள். காலண்டர் என்றேன். அதற்குப் பிறகு அவள் பேச்சுக் கொடுக்கவில்லை.

வெளியே வந்ததும் திருத்தங்கலில் இருக்கும் என் அக்கா பாக்கியத்துக்குப் போன் போட்டேன். முன்பு நாரணாபுரத்தில் பட்டாசு வேலை பார்த்தவள், இப்போது அச்சகத்தில் காலண்டர் தலைப்பில் தகரப்பட்டை அடிக்கிறாள். ஸ்கிரீனிங் போய்வந்தேன் என்றதும், அம்புட்டுத் தூரம் போயும் ஸ்கிரீன் பிரிண்டிங்தானா என்று வருத்தப்பட்டாள். விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக, தனக்கு நின்று மூன்று வருடமான தீட்டு போன மாதம் திரும்ப வந்திருக்கிறது என்றாள்.

"எனக்கு வயசு திரும்புதுடி."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நின்றுபோன பிறகு ரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். நாளைக்கே போ என்றேன். காலண்டர் சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, பொங்கல் கழியட்டும் என்றாள். கத்தினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்:

"ஒனக்குக் கூப்பிட்டு எழுதியிருக்காக, நீ போன. என்னைய யாரு கூப்பிட்டா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முறையாக அழைக்காத வீட்டுக் கல்யாணத்துக்கு அக்கா கால் வைக்கமாட்டாள். இரண்டு பிரசவம் தவிர ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை ஓர் அரசாங்கமே அழைக்கிறது. அவளை நான்கூட அழைத்ததில்லை.

பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் அவள் வாசலில் நின்று, "நான் கூப்பிடுதேன், வா" என்றேன். உள்ளே போய்ப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள், தலை நிறையப் பூவும் வைத்திருந்தாள். விருதுநகர் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அவளை டாக்டர் வீட்டு ஆள் என்று நினைத்து வழி விட்டார்கள். ஸ்கேன் பார்த்து, உள்ளிருந்து துளி சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். போன் நம்பர் கேட்டபோது அக்கா என் இந்திய நம்பரைச் சொன்னாள். முடிவைக் கேட்கத் தனக்குத் தைரியமில்லை என்றாள். எனக்கு மட்டும் இருந்தது போல.

லீவு முடிந்து திரும்பி வந்தும், இரண்டு வாரமாக அந்த இந்திய நம்பர் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. லீட்ஸில் வேலைக்குப் போகும் பஸ்ஸில், மாடியில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் போன் அடித்தது. விருதுநகர் நர்ஸம்மா. புற்றுநோய் இல்லை, சாதாரணச் சதை வளர்ச்சிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா டிஷ்யூ நீட்டினார்.

"டாக்டரம்மா பாக்கணும்னாக. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அக்காவக் கூட்டிட்டு வந்துருதீகளா?"

கண்ணாடிக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் லீட்ஸில் இருப்பது நர்ஸம்மாவுக்குத் தெரியாது; போனிலாவது அக்காவை நான்தான் கூப்பிட வேண்டும்.

"சரிங்க, கூட்டிட்டு வாரேன்" என்றேன்.