வெருளி வீட்டுக் குணலட்சுமி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியை விட்டு இறங்குகிற அந்த ஒழுங்கைக்குள் போய்க் குணலட்சுமி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெருளி வீட்டுக்காரி என்று கேட்டால் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். தாய் தகப்பன் ஆசையாய் வைத்த பெயர், பள்ளிக்கூட இடாப்பில் கூப்பிட்ட பெயர், காணி உறுதியில் எழுதிய பெயர் எல்லாம் போய், வைக்கோல் அடைத்த சாக்குகளின் பெயரால் ஊர் அவளைக் கூப்பிட்டது. இந்தப் பெருமையைத் தேடிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, தாலி கட்டிய சீவரத்தினம்தான்.

சீவரத்தினம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். நல்ல மனிதர். குடி இல்லை, கூத்து இல்லை, கோயிலுக்குப் போனால் நேரத்துக்கு வீடு திரும்புவார். இப்படியான மனிதர்களுக்குத்தான் ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டால் இலேசில் விடாது.

குணலட்சுமியின் தகப்பன் சீதனமாகக் காணியைக் கொடுத்தபோது, அதில் எழும்பப்போகும் வீட்டுக்கென்று பலாப்பலகையில் ஒரு வாசற்கதவும் செய்வித்துக் கொடுத்தார். கதவை நிலையில் கொழுவித் திறந்து மூடப் பித்தளைப் பிணைச்சல்கள், கனமானவை, தாமரைப்பூ வெட்டியவை. வீட்டைக் காணாமலே மனிதர் கண்ணை மூடிவிட்டார். காணியின் பின்பக்கத்து ஓலைக் கொட்டிலில் புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மாரி வந்தால் கொட்டிலுக்குள் எந்த இடத்தில் சட்டி வைக்க வேண்டும், எந்த இடத்தில் பாய் விரிக்கலாம் என்று குணலட்சுமிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். புதுவீட்டில் பால் காய்ச்சி, அந்தக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு ஒரு மாரிக்கு உள்ளே படுக்க வேண்டும்.

எண்பத்து மூன்றில், கொழும்புக் கலவரத்தில் அடிபட்ட சனம் கப்பலில் வந்து இறங்கிய வருடம், அத்திவாரம் போட்டார்கள். அடுத்த வருடம் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்ததும் சீவரத்தினம் ஒரு வெருளி கட்டினார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுகிற வீட்டில் கண்ணூறு படக்கூடாதென்று ஊரில் எல்லாரும் கட்டுவதுதான். பழைய காற்சட்டைக்குள் வைக்கோல், தலைக்குக் கரிச்சட்டி, அதில் சுண்ணாம்புப் பொட்டு, அவ்வளவுதான். பால் காய்ச்சிக் குடிபூருகிற அன்றைக்குக் கழற்றி எரித்துவிடுவார்கள்.

எதிர்வீட்டு அருமைநாயகி பசுவைக் கட்டிவிட்டு வந்து படலையில் நின்று பார்த்தாள்.

"சீவரத்தினம் அண்ணை, வீடு கிடக்கட்டும், உங்கடை வெருளியெல்லோ நல்ல வடிவு" என்றாள்.

சொன்னவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சீவரத்தினத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"இஞ்சேர், வெருளியிலை கண் பட்டிட்டுது."

"படட்டுமே. அதுக்குத்தானே அதைக் கட்டினது" என்றாள் குணலட்சுமி.

"வீட்டை வெருளி காக்கும். வெருளியை ஆர் காக்கிறது?"

அவள் அரிசி களையப் போனாள். களைந்துகொண்டு வருவதற்குள் இரண்டாவது வெருளிக்கு ஒரு கால் முடிந்திருந்தது.

இரண்டாவது, முதலாவதைக் காக்கப் பிறந்தது. ஆனபடியால் கொஞ்சம் கெட்டித்தனமாகச் செய்யப்பட்டது. தும்பில் மீசை, கையில் துருப்பிடித்த கத்தி. அதைத் தம்பிஐயா மெச்சினார். ஒழுங்கை முகப்பில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர், வாயைத் திறந்தால் புளுகு. ஆகவே மூன்றாவது வந்தது. மூன்றாவதை மெச்சப் பல்கலைக்கழகப் பெடியள் வந்தார்கள். நாலாவது பழைய சைக்கிளில் ஏறி இருந்தது. ஐந்தாவதுக்குக் கொழும்புத்துறைக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியில் பல்லு. ஆறாவது காற்றடித்தால் தகரப் பால்மா ரின்னில் தட்டும். சங்கக்கடையில் சாமான் குறையக் குறைய வெறுஞ்சாக்கு பெருகியது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்த பிறகு அரிசி இல்லை, சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சாக்குக்கு மட்டும் ஒரு தட்டுப்பாடும் இல்லை.

ஒழுங்கை பட்ட பாட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அருமைநாயகியின் பசு அந்த வழியால் போக மறுத்துக் கால் நாட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. நூல் கட்டுகிற பூசாரிக்குப் புதுச் சைக்கிள் வந்தது. பார்க்க வந்த சனம் சைக்கிள்களைச் சாத்திச் சாத்தி நாலு வீட்டுக் கிடுகுவேலி விழுந்தது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த பெடியள் சோதினையில் கோட்டை விட்டுவிட்டு, ரின் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள். அவர்கள் படித்ததை அந்த ஒழுங்கையில் ஒருவரும் கண்டதில்லை என்பது வேறு கதை. அருமைநாயகியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை விட்டுவிட்டு வெருளிகளைப் பார்த்துக்கொண்டிருந்து, பலகாரத்தைத் தின்றுவிட்டு எழும்பிப் போனார்கள்.

எண்பத்தாறில் ஊர் திரண்டு வந்தது. அருமைநாயகிதான் முன்னுக்கு.

"அண்ணை, உதுகளைக் கழட்டுங்கோ. குமர்ப்பிள்ளை இருக்கிற ஒழுங்கை."

குணலட்சுமி கொட்டில் வாசலில் நின்று மனதுக்குள் நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தாள்.

"குடிபூரலுக்குக் கழட்டத்தானே போறன்" என்றார் சீவரத்தினம். "வழக்கத்தை மாத்தேலாது. வீடு முடியட்டும்."

வீடு முடியட்டும். இந்த இரண்டு சொல்லுக்குள்தான் மனிதர் பத்து வருடம் குடியிருந்தார். சுவர் முடிந்தது, ஓடு போட்டாயிற்று, நிலைகூட வைத்தாயிற்று. கதவுதான் மிச்சம். கதவு கொட்டில் சுவரோடு சாத்தியபடி நின்றது. கொழுவுவதற்குப் பிணைச்சல்களைக் காணவில்லை.

"கொப்பர் தந்ததை நீதானே எடுத்து வைச்சனி. வடிவாய்த் தேடிப் பார்" என்றார் சீவரத்தினம்.

அவள் தேடினாள். ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். அடுப்படி மண்ணைக் கிளறினாள். தகப்பன் செய்வித்துத் தந்ததைக் கவனமில்லாமல் துலைத்துவிட்டேனே என்று கிணற்றடியில் இருந்து அழுதாள். "வேறை பிணைச்சல் வாங்குவம்" என்று கேட்டால், "அந்தக் கதவுக்கு வேறை பொருந்தாது" என்பார். தடை வந்த பிறகு அதுவும் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. கதவில்லாத வீட்டில் குடிபூருவதெப்படி? குடிபூராத வீட்டில் வெருளியைக் கழற்றுவதெப்படி? சீவரத்தினத்துக்கு எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியிருந்தது.

இதற்கிடையில் ஊரும் மாறிவிட்டது. அருமைநாயகியின் மகளுக்கு வந்து போனவர்களைவிட நல்ல இடத்தில் சம்பந்தம் சரிவந்தது. உடனே அருமைநாயகி, "எல்லாம் அந்த வெருளியளின்ரை காவல்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவ்வளவுதான். அள்ளு கொள்ளையாகச் சனம் வந்தது. கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து வெருளிக்கு முன் காட்டினார்கள். தம்பிஐயா சனம் இருக்கக் கடையில் இரண்டு வாங்கு கூடப் போட்டார். மினிபஸ் நடத்துநர் வெருளியடி இறக்கம் என்று கூவினான். ஆமியின் ஹெலி வந்தால் ஊரெல்லாம் பங்கருக்குள் இறங்கும், சீவரத்தினம் மட்டும் சாரங்களோடு ஓடுவார். காற்சட்டையோடு நிற்கிற வெருளியை மேலேயிருந்து இயக்கப் பெடியள் என்று நினைத்துவிடுவார்களாம், சாரம் உடுத்திவிட வேண்டுமாம். பெண்சாதி பங்கருக்குள் இறங்கினாளா என்று திரும்பிப் பார்த்ததில்லை.

தொண்ணூற்று நாலில் ஊர் மறுபடி திரண்டு வந்தது. இந்த முறை தம்பிஐயா முன்னுக்கு.

"மனேச்சர், கதவு கொழுவப் போறியளெண்டு ஒரு கதை அடிபடுது. அவசரப்படாதேங்கோ. ஒழுங்கைக்கு ஒரு மதிப்பு இருக்கு."

கழற்று என்று வந்த அதே சனம், கழற்றாதே என்று வந்து நின்றது. கொட்டிலுக்குள் மழைத்தண்ணீர் ஏந்திக்கொண்டிருந்தவளிடம் இரண்டு முறையும் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

தொண்ணூற்று ஐந்து ஆவணியில் ஒரு காலை குணலட்சுமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வெருளி, ஒன்பதாவது, சீவரத்தினத்தின் செல்லம், வாய் திறந்து மூடுகிற வெருளி. மற்றதெல்லாம் வெயிலில் கறுத்து உக்க, இதற்கு மட்டும் அவர் வருடா வருடம் புதுச் சாக்குப் போடுவார், மீசை வாருவார். அன்று காற்றில் சாக்குக் கிழிந்து தொங்கியது. வாய் திறந்தது. தாடைக்குள் வெயில் பட்டு ஏதோ மினுங்கியது. அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். தாமரைப்பூ.

கூட்டுமாறு கையை விட்டு விழுந்தது. எத்தனை வருடம் அழுதிருப்பாள்! செத்துப்போன தகப்பனிடம் எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டிருப்பாள்! அந்தப் பிணைச்சல்கள் வெருளியின் தாடையில் பூட்டப்பட்டு, அவள் தலைக்கு மேலே நின்று ஊருக்கு வாய் காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

சீவரத்தினம் அன்று சிப்பி பொறுக்கக் கொழும்புத்துறைக்குச் சைக்கிளில் போயிருந்தார். குணலட்சுமி ஒழுங்கைக் கோடியில் இருந்த தச்சன் நாகலிங்கத்தைக் கூட்டி வந்தாள். ஏணி வைத்து ஏறி, ஒன்பதாவதின் தாடையைப் பிடுங்கிக் கொடுத்தாள். அவன் கதவு கொழுவி முடிப்பதற்குள் ஒன்பது வெருளியும் முற்றத்தில் குவிந்து கிடந்தன. விறகுக்குத் தட்டுப்பாடான காலம். வைக்கோல், தும்பு, கம்பு, சாக்கு எல்லாம் நல்லாய்க் காய்ந்திருந்தன. புது அடுப்படியில் கல் வைத்து, அருமைநாயகியின் பசுப்பாலை வாங்கிப் புதுப்பானையில் ஏற்றி, ஒவ்வொரு வெருளியாக அடுப்புக்குள் தள்ளினாள். மீசை நன்றாக எரிந்தது.

புகையைக் கண்டு தம்பிஐயா ஓடி வந்தார்.

"என்ன வேலை பிள்ளை செய்தனி? இனி இந்த ஒழுங்கைக்குள்ளை ஆர் வருவான்?"

"நீங்கள் வந்திருக்கிறியள்தானே அண்ணை. பால் பொங்கிட்டுது, குடிச்சிட்டுப் போங்கோ."

சீவரத்தினம் சிப்பிப் பையோடு வந்து முற்றத்தில் நின்றார். வெறுஞ்சுவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிணைச்சலைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்டையும் மிச்சம் விடேல்லையோ?"

"இல்லை."

பெண்சாதி நீட்டிய பாலை அவர் வாங்கிக் குடித்தார். கதவை ஒருமுறை திறந்து சாத்திப் பார்த்துவிட்டு, "கதவு வடிவாய்த்தான் இருக்கு" என்றார்.

"வடிவெண்டு சொல்லாதேங்கோ" என்றாள் குணலட்சுமி சட்டென்று. சொன்ன பிறகு தனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் கதவைப் பூட்டி உள்ளே படுக்க அவளுக்கு ஒரு மாரி வேண்டியிருந்தது. மாரி தொடங்கியது, முடியவில்லை. ஐப்பசியில் ஆமியின் ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து, எல்லாரும் தென்மராட்சிப் பக்கம் போகும்படி சொல்லிக்கொண்டு போனது. மழைக்குள் ஊர் முழுக்க மூட்டை கட்டியது.

சீவரத்தினம் சைக்கிளில் அரிசிப் பையையும் பாயையும் வைத்துக் கட்டினார். குணலட்சுமி கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மழையோடு கொட்டிலுக்குள் ஓடினாள். வரும்போது கையில் புருசனின் பழைய சேட்டு, ஒரு சாக்கு, பால் காய்ச்சிய பானை.

"என்ன செய்யிறாய்?" என்றார் சீவரத்தினம்.

"பேசாமல் பானையைப் பிடியுங்கோ."

ஓலையை உருவிச் சாக்குக்குள் அடைத்தாள். சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டினாள். பானையைக் கவிழ்த்துத் தலையாக்கி, சுண்ணாம்பு தொட்டுக் கண் வைத்தாள். மழையில் கண் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சீவரத்தினம் கயிற்றை எடுத்துத் தானே கதவுக்கு மேலே கட்டினார். அவர் கட்டியதிலேயே அதுதான் அவலட்சணமான வெருளி.

அருமைநாயகி பசுவை இழுத்துக்கொண்டு படலையால் போனாள். நின்று பார்த்தாள். அழுதுகொண்டே, தேற்றுவதாக நினைத்து, "குணலட்சுமியக்கா, உங்கடை வெருளி நல்ல வடிவு" என்றாள். சொல்லிவிட்டு நடந்தாள்.

குணலட்சுமி திரும்பிக் கொட்டிலுக்கு ஓடினாள். சீவரத்தினம் பின்னால் போனார். அவள் வெறுங்கையால் கூரை ஓலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்டு கட்டோணும். அதிலை கண் பட்டிட்டுது. உங்கடை சாரத்தைத் தாங்கோ, இன்னும் ஒண்டே ஒண்டு."

பத்து வருடம் அவள் கேட்ட கதை. அவர் அவளுடைய கையில் இருந்த ஓலையை மெல்ல வாங்கிக் கீழே போட்டார்.

"நேரமில்லை குணம். வா" என்றார்.

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சைக்கிளுக்குப் பின்னால் நடந்தாள்.