கஞ்சிக் கிண்ணங்களும் பயணப் பெட்டியும்

சொல்லாமல் கொள்ளாமல் வருகிற எதையும் எனக்குப் பிடிக்காது. மின்வெட்டு, மழை, விருந்தாளி எல்லாம் எனக்கு ஒன்றுதான். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டின் கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சக்கரம், ஒரு சின்ன மின்சூளை, நாலு பலகைத் தட்டு என்று மண்பாண்ட ஸ்டுடியோ நடத்துகிறேன். சக்கரத்திலிருந்து இறக்கிய கிண்ணத்தை அதற்குரிய நேரத்தில் அடி சீவ வேண்டும். ஒரு மணி நேரம் அசந்தால் காய்ந்து விறைத்துவிடும். அதனால் என் நாட்களைப் பிடிவாதமாகத் திட்டம் போட்டு வைத்திருப்பேன். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் என் கணவர் கத்தாரிலிருந்து வந்து நின்றார்.

வெளியே அடைமழை. ஷெட் வாசலில் இரண்டு பெரிய பெட்டிகளோடு, தலையெல்லாம் நனைந்து, "வீடு பூட்டியிருந்துச்சு" என்றார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "கம்பெனிய மூடிட்டாங்க. ஃபோன்ல சொல்ல மனசு வரல." என் கையெல்லாம் முழங்கை வரை மண். கை நீட்டியவர் அதைப் பார்த்துவிட்டு, மண் படாத இடமாகத் தேடி முழங்கைக்கு மேலே லேசாகத் தொட்டார். "வாங்க" என்றேன். கிண்ணம் வாங்க வந்தவர்களிடமும் அதே குரலில்தான் சொல்வேன்.

பத்தொன்பது வருடக் கல்யாணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. கூட்டிப் பார்த்தால் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இரண்டு வருடம்கூட இருந்ததில்லை. ஆனால் ஃபோனில் நாங்கள் நல்ல தம்பதி. மகள் பிறந்தது, என்னைப் பெற்ற அத்தா மௌத்தானது, நான் நாற்பது வயதில் மண் பிசையக் கற்றுக்கொண்டது எல்லாம் அவருக்கு ஃபோனில்தான் தெரியும். மகள் இப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டில், நேரில் பார்த்துப் பேசிப் பழகாத இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவரை எங்கள் தெருவில் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "எப்ப வந்தீங்க, எப்பப் பயணம்?" பாசமாகத்தான் கேட்பார்கள். லீவில் வந்தவருக்கு அது சரியான கேள்வி. ஒரு மாதம் போனதும் முதல் பாதி உதிர்ந்து, "எப்பப் பயணம்?" மட்டும் நின்றது. பள்ளிவாசலில், டீக்கடையில், காந்தி மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போதுகூட. இவர் சிரித்துக்கொண்டே "பாக்கலாம்" என்பார். அந்தப் "பாக்கலாம்" ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மெலிந்துகொண்டே வந்தது.

வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் என்னோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு வர ஆரம்பித்தார். கத்தாரில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்த மனிதர். கண்ணில் பட்ட டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினார். எந்த வாளியில் எந்த கிளேஸ், அதாவது மெருகுப் பூச்சு, இருக்கிறது என்பது என் மூக்குக்கே தெரியும், எனக்கு எதற்குச் சீட்டு? ஒருநாள் மூலையிலிருந்த டிரம்மைக் குப்பை என்று நினைத்துக் கொட்டிவிட்டார். அது சீவிய மண். ஊறவைத்தால் திரும்பப் பிசைந்து கிண்ணம் ஆகிற மண். குப்பைத் தொட்டியிலிருந்து நான் அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தேன். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போனது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் எனக்குள்ளும் அதே கேள்வி இருந்தது. இவர் எப்போது போவார், என் ஷெட் எப்போது மறுபடி என்னுடையதாகும் என்று. நினைத்த மறுநிமிடமே என்மேலேயே அருவருப்பாக இருக்கும். ஆனால் நினைத்தேன்.

ரம்ஜான் வந்தது. அத்தாவின் தம்பியை நாங்கள் சாச்சா என்போம். சாச்சாவுக்குப் பெரிய கடைவீதிப் பக்கம் துணிக்கடை. அவர் மனைவி, எங்கள் சாச்சி, என்னிடம் முதல்முறையாக ஒரு ஆர்டர் கொடுத்தார். நாற்பது கிண்ணம். இருபத்தேழாம் கிழமை என்கிற புனித இரவு தொடங்குகிற சாயங்காலம், அதாவது இருபத்தாறாம் நோன்பில், சொந்தபந்தம் எல்லோரையும் கூப்பிட்டு நோன்பு திறக்க வைப்பார்கள். "பிளாஸ்டிக் கிண்ணத்துல கஞ்சி ஊத்தி அலுத்துப் போச்சும்மா. நீ செய்யி" என்றார். மண் விளையாடுகிறவள் என்று என்னைப் பார்த்துச் சிரித்த குடும்பம் அது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

என் சூளையில் ஒரு நேரத்துக்கு இருபதுதான் கொள்ளும். முதல் இருபது நன்றாக வந்தது. இரண்டாவது இருபதுக்கு கிளேஸ் பூசிச் சூளையில் அடுக்கி, சூடு முழுக்க ஏறியதும் அணைத்தேன். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும். ஒரு முழு நாள் அது தானாக ஆற வேண்டும். நடுவில் மூடியைத் தூக்கினால் வெளிக்காற்று பட்டுக் கிண்ணம் விரிசல் விட்டுவிடும்.

மறுநாள் காலையில் எனக்கு வங்கியில் வேலை. இவர் மட்டும் முன்னால் வந்து ஷெட்டைத் திறந்திருக்கிறார். நான் உள்ளே நுழையும்போது சூளை மூடி மேலே நின்றது. மேஜைமேல் துணி விரித்து, ஏழெட்டுக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கையில் என் தோல் கையுறையோடு நின்றார். "நீ வர்றதுக்குள்ள எடுத்து வெச்சிரலாம்னு" என்று முகமெல்லாம் சிரிப்பு. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிங். கொஞ்சம் விட்டு இன்னொரு டிங். சூளைக்குள்ளேயும் மேஜைமேலேயும் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. அவர் என்ன சத்தம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

பதின்மூன்று கிண்ணம் போனது. பதினாலு மணி நேரம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் பள்ளிவாசல் பாங்குச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மனிதருக்கு ஒரு சூளை ஆறும்வரை காத்திருக்க முடியவில்லை. நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் நினைவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் மறக்காது.

"நீங்க எப்பத்தான் போவீங்க?"

தெருவே கேட்ட கேள்விதான். ஆனால் தெரு கேட்டபோது சிரித்தவர் இப்போது சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினார். ஒரு விரல் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, அதை நிமிர்த்தி ஆணியில் மாட்டினார். "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்று மாலை வீட்டில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத் தட்டை எப்போதும்போல முதலில் என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் அவர் வரவில்லை. ஷெட்டைத் திறந்து, அப்பாடா என்று உட்கார்ந்தேன். அந்த அப்பாடா அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. சூளை மூடியில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நேற்று நான் பின்பக்கம் முகம் கழுவப் போன நேரத்தில், பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒட்டியிருக்க வேண்டும். அச்சடித்தது போன்ற அவருடைய எழுத்தில், "மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. என்னையும் சேர்த்துத்தான்." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் மூக்கில்தான் வரும் போலிருக்கிறது.

அப்போது பார்த்து மாமி மாடிப்படியிலிருந்து, "இன்னிக்கு உங்காத்துக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நேத்திக்குப் போறச்சே எங்கிட்ட வந்து, 'மாமி, அவ நோன்போட மண்ணு பெசையறா, மத்தியானம் கொஞ்சம் எட்டிப் பாத்துக்கோங்கோ'ன்னு சொல்லிட்டுப் போனார். நன்னா இருக்கணும்" என்றார். மாமி சொன்னதில் அவருடைய வார்த்தைகள் ஸ்ரீரங்கத்துப் பேச்சாக மாறியிருந்தன. ஆனாலும் எனக்கு அவர் குரலே கேட்டது.

ஃபோனை எடுத்தேன். அவர் காவிரிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் "ஹலோ" என்றதும் எங்கள் இரண்டு பேருக்கும் பழைய குரல் வந்துவிட்டது.

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான். ஓதிட்டு உக்காந்திருக்கேன்."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல." நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "ஏஜென்ட் கூப்பிட்டாரு. வேற ஒரு கிடங்குல வேலை இருக்காம். பெருநாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"எப்பக் கூப்பிட்டாரு?"

"பத்து நாளாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சரி போயிட்டு வாங்கன்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு."

பத்தொன்பது வருடமாக விமான நிலைய வாசலில் நான் சொன்னதெல்லாம் அதுதான். பத்திரமா போயிட்டு வாங்க. ஒருமுறைகூட வேறு எதுவும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது, சொன்னால் போகிறவருக்குக் கஷ்டம் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே தெரியும். இப்போதும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு மணிக்கட்டு வலிக்குது. மண்ணு பெசைய ஆள் இல்ல. வாங்க" என்றேன். முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்.

சாச்சி சொன்ன நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் பிசைந்தார், நான் சக்கரத்தில் உட்கார்ந்தேன். பலம் இருந்தது, பக்குவம்தான் இல்லை. முதல் உருண்டைக்குள் காற்றுக் குமிழி, இரண்டாவதிலும் குமிழி. மூன்றாம் நாள்தான் சரியாக வந்தது. ஷெட் வெயிலில் கிண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க, ஈரத் துணியை ஒவ்வொன்றின்மேலும் பார்த்துப் பார்த்துப் போர்த்தினார். கடைசியாகச் சூளையை அணைத்த பிறகு, மறுநாள் முழுக்க இரண்டு பேரும் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் சின்ன வயதில் என்ன சேட்டை செய்வாள் என்று கேட்டார். ஃபோனில் சொன்னதுதான் எல்லாம். திரும்பச் சொன்னேன். மூடியை அவரையே தூக்கச் சொன்னேன். ஒன்றுகூட விரியவில்லை.

நாற்பது கிண்ணத்தையும் ஆட்டோவில் வைத்துப் பாலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து சாச்சி வீட்டுக்குக் கடைவீதிக் கூட்டத்துக்குள் நடந்துதான் போக வேண்டும். அட்டைப்பெட்டி தாங்காது. "நான் கட்றேன்" என்று கட்டிலடியிலிருந்து தன் பயணப் பெட்டியை இழுத்தார். திறந்து கவிழ்த்தார். சட்டைகள், கைலிகள், சவரப் பெட்டி, ஓதுகிற கிதாபு, துண்டு எல்லாம் கட்டில்மேல் விழுந்தன. நாலு மாதமாக இந்த மனிதர் சொந்த வீட்டில் பெட்டியிலிருந்து துணி எடுத்து உடுத்தி, துவைத்து, மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார். ஏனென்றால் அலமாரியில் அவருக்குத் தட்டு கிடையாது. மேல் தட்டில் மகளின் பழைய புத்தகம், நடுவில் என் துணி, கீழே என் கிளேஸ் பவுடர் டப்பாக்கள். லீவில் வருகிறவருக்குப் பெட்டி போதும் என்று எனக்கு எப்போதோ பழகிவிட்டது. அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு கிண்ணத்தையும் சட்டை, கைலி, துண்டு என்று கைக்கு வந்ததில் சுற்றி அவர் அடுக்குவதை நான் நின்று பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சாச்சி வீட்டு வாசலில் சாச்சா நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "என்ன மாப்ள, பெட்டியோட? எப்பப் பயணம்?"

இவர் வழக்கமான சிரிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பயணம் இல்ல சாச்சா. அவங்க வந்துட்டாங்க. இனிமே போறதா இல்ல."

சாச்சா என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். உள்ள வாங்க" என்றார். கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார்கள். சாச்சி தான் குடித்து முடித்த கிண்ணத்தைக் கவிழ்த்து அடியில் பார்த்து, "சூடு கையில தெரியலம்மா" என்றார். அந்தக் குடும்பத்தில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

வீட்டுக்கு வந்து மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு, அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்தேன். என் துணியை மகளின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் திணித்தேன். அவர் மடித்த சட்டைகளைக் கையில் ஏந்திக்கொண்டு, எங்கே வைப்பது என்று கேட்கத் தயங்கும் விருந்தாளி போல நின்றார்.

"போகாதீங்க" என்றேன்.

"அதான் சாச்சாகிட்ட வாசல்லயே சொல்லிட்டியே."

"அது அவருக்குச் சொன்னது. இது உங்களுக்கு."

அவர் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார், விளிம்பெல்லாம் ஒரே நேராக, கிடங்கில் அடுக்குவது போல. ஒரு சட்டையில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே உள்ளே வைத்தார்.