திரையில் வராத சிவப்புக் கோடு

மர்சலின் சாந்தோமில் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருஷம் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தார். ஆள் குறைத்தபோது வேலை போனது. நாற்பத்தாறாவது வயதில் அபிராமபுரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் சேர்ந்தார். ஸ்கேன் எடுத்த தாடை எலும்பை கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாக்கி, அதற்குள் ஓடும் நரம்பைச் சிவப்புக் கோடாக வரைந்து தர வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் ஷரஃபுதீன் எலும்பைத் துளைக்கும் கருவியை எங்கே வைப்பது என்று முடிவு செய்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வேலம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். கீழ்த்தாடையில் கட்டி. ஊசி போடும் முன்பு டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உதடு மரத்துக்கினே இருக்காதே டாக்டரு? கூவி விக்கறவ நானு."

"இருக்காதும்மா. நரம்பு எங்க ஓடுதுன்னு பாத்துத்தான் செய்வோம்."

ஒரு தாளில் கையெழுத்து வாங்க மர்சலின் உள்ளே வந்தபோது கருவி சுழலத் தொடங்கியிருந்தது. சுவரிலிருந்த திரையைத் தற்செயலாகப் பார்த்தார். எலும்பு பளிச்சென்று தெரிந்தது. கட்டி தெரிந்தது. சிவப்புக் கோடு இல்லை.

வெள்ளிக்கிழமை தன் கையால் வரைந்த கோடு. கட்டிக்கு அடியில் ஒட்டியபடி வளைந்து போனது நன்றாக நினைவிருந்தது. நிஜமாகவே நினைவிருக்கிறதா? அன்றைக்கு மூன்று பேருடைய படங்களை வரைந்தார். சிகிச்சை நடக்கும்போது யாரும் பேசக் கூடாது என்று போன மாதம்தான் டாக்டர் கடிந்துகொண்டிருந்தார். கருவி வாயருகே போனது.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க."

கருவி நின்றது. "என்ன மேடம்?"

"நரம்புக் கோடு தெரியல."

"இந்தப் பக்கம் நரம்பு தள்ளிப் போகுது. அதான் தெரியல."

"இல்ல டாக்டர். அளவு எண்கள்கூட இல்ல பாருங்க. நான் போட்ட எதுவுமே படத்துல இல்ல."

டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"ஊசி இன்னும் அரை மணி நேரம்தான் தாங்கும்."

முகத்தை மூடிய துணிக்கு அடியிலிருந்து வேலம்மா குழறினார். "இன்னா ஆச்சு?"

"படம் சரியா வரல வேலம்மா. சரி பண்ணிட்டு ஆரம்பிப்பாங்க," என்றார் மர்சலின்.

சுவர்த் திரைக்குப் படம் அனுப்பும் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் மென்பொருளை மூடித் திறந்தார். அதே வெறும் எலும்பு. பிழைப் பதிவைத் திறந்து கடைசி வரிகளைப் படித்தார். மேலடுக்கு கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. அப்போதுதான் உறைத்தது. அது பழைய மென்பொருள். ஓப்பன்ஜிஎல் என்ற, படம் வரைவதற்கான நிரல் தொகுப்பு வழியாக எலும்பை ஒரு அடுக்கிலும், கோடுகளைக் கண்ணாடித் தாள் மாதிரி அதன் மேல் இன்னொரு அடுக்கிலும் வரையும். சனிக்கிழமை மாலை போட்ட அப்டேட்டில் நிரல்களின் ஜன்னல்களைத் திரையில் காட்டும் விண்டோ அமைப்பே புதிதாக மாறிவிட்டது. புதியது எல்லா ஜன்னல்களின் படங்களையும் தானே வாங்கி ஒன்றாக்கித்தான் திரைக்கு அனுப்பும். அந்தக் கண்ணாடித் தாளுக்கு அதில் இடமே கிடையாது. கிடைக்காததை மென்பொருள் கேட்டுப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் எலும்பை மட்டும் காட்டிவிட்டது.

கம்ப்யூட்டரில் லாக் அவுட் செய்து, உள்நுழையும் திரையில் பழைய விண்டோ அமைப்பைத் தேடினார். நீக்கப்பட்டிருக்குமோ? பட்டியலின் கடைசியில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து நுழைந்தார். நானூறு ஸ்கேன் துண்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. அறுபது சதவீதத்தில் பட்டை அசையாமல் நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டாக்டர் கையுறைக் கைகளை மேலே தூக்கியபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் வந்தது. கோடும் வந்தது. டாக்டர் கருவி வைக்கவிருந்த இடத்துக்கு நேர் கீழே, ஒன்றரை மில்லிமீட்டரில்.

டாக்டர் திரையருகே போய் அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கம்ப்யூட்டரை யார் மாத்தினது?"

"நான்தான் டாக்டர். அப்டேட் போட்டேன். படம் வருதான்னு பாத்தேன். கோடு வருதான்னு பாக்கல."

"முதல்ல இதை முடிப்போம்." இன்னொரு ஊசி போட்டு, கருவியை வேறு பக்கமாக நுழைத்தார்.

மதியம் டாக்டரின் அறைக்கு மர்சலின் வேலையை விடத் தயாராகத்தான் போனார். டாக்டர் ஒரு தாளை நீட்டி நடந்ததை அப்படியே எழுதச் சொன்னார். மர்சலின் எழுதிக் கையெழுத்திட்டதும் கீழே டாக்டர் தன் கையாலும் ஒரு வரி சேர்த்தார்: கோடு இல்லாததைக் கண்டும் கேட்காமல் தொடங்கியது நான்.

அடுத்த வாரம் தையல் பிரிக்க வந்த வேலம்மாவின் உதட்டை டாக்டர் ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். "மெல்ல டாக்டரு, குத்துது," என்ற குரல் பக்கத்து அறை வரை கேட்டது. மர்சலின் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மென்பொருள் நிறுவனத்துக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. புதிய விண்டோ அமைப்பில் அந்த மேலடுக்கு வரப்போவதில்லை, கோடுகளை எலும்புப் படத்திலேயே சேர்த்து வரையும் பதிப்புக்கு எட்டு மாதமாகும் என்றார்கள். அதுவரை அந்தக் கம்ப்யூட்டர் பழைய அமைப்பில்தான் ஓடும்.